பண்டிகைக் காலமும் நம் வீட்டுக் குழந்தைகளும்

ஆண்டு முழுவதும் தறியிலும் வயலிலும் உழைக்கும் குடும்பங்களுக்குப் பண்டிகை என்பது ஓய்வும் மகிழ்ச்சியும் தரவேண்டிய நாளாகும். ஆனால் நம் அங்கத்தினர் வீடுகளில் பெரும்பாலானவற்றில், பண்டிகைக்கு முந்திய மூன்று வாரங்களே ஆண்டில் மிகக் கடினமான வாரங்களாக இருந்து வருகின்றன. வேலை மிகுகிறது, செலவு மிகுகிறது, பெரியவர்களுடைய பொறுமை குறைகிறது. இம்மூன்றின் சுமையும் இறுதியில் வீட்டிலுள்ள சிறு குழந்தைகள் மீதே வந்து விழுகிறது. ‘பண்டிகை வந்தாலே பிள்ளைக்கு உடம்புக்கு வந்துவிடுகிறது’ என்று தாய்மார்கள் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். இதற்குக் கண்ணேறு காரணமன்று. காரணங்கள் நம் வீட்டு நடைமுறையிலேயே உள்ளன. அவற்றை அறிந்துகொண்டால் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம்.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது?

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. அதே ஐப்பசிதான் வடகிழக்குப் பருவமழையின் மாதமும் ஆகும். பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்த வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் பாவு தயாராவதில்லை, குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் கசிகிறது, இழைகள் அறுகின்றன. கூலியோ துணியை அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்த பிறகே கிடைக்கும். ஆகவே தறியிலிருக்கும் சேலையைப் பண்டிகைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் குடும்பம் முழுவதும் இரவில் நெடுநேரம் விழித்திருக்கிறது.

விவசாயிகளின் நிலையும் இதைப்போன்றதே. காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை அறுவடையும், சம்பா நடவும், களையெடுப்பும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வரும் காலத்தில் தீபாவளி வருகிறது. சம்பா மட்டும் பயிரிடுகிறவர்களுக்கு அது செலவுக்காலமேயன்றி வரவுக்காலமன்று. பொங்கலின்போதும் பல வயல்களில் கதிர் நின்றுகொண்டிருக்கும்; பணம் கைக்கு வந்திராது. 1983-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற விலையில்லா வேட்டி சேலைத் திட்டத்தின் துணிகளை நெய்யும் தறிகளுக்கும் பொங்கலுக்கு முந்திய மாதங்கள் நெருக்கடியானவையே.

ஆகவே, குழந்தையின் மகிழ்ச்சி உச்சத்தை அடையும் அதே நாட்களில் தாய் தந்தையரின் களைப்பும் உச்சத்தை அடைகிறது. குழந்தை பிடிவாதம் செய்வதற்கும் பெரியவர்கள் கை நீட்டுவதற்கும் இதுவே வேர்.

உறக்கம்

சிறு குழந்தைகளின் உறக்கத்தைப் பற்றி நம்மவர்கள் அதிகமாக எண்ணிப் பார்ப்பதில்லை. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் உறக்கம் உட்பட நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு 10 முதல் 13 மணி நேரமும் உறக்கம் தேவை என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. தறிச் சத்தம் இரவு பதினொரு மணிவரை ஓயாத வீட்டில், விளக்கு எரியும் அறையிலேயே தூளி கட்டியிருந்தால், இந்த அளவு எவ்வாறு கிட்டும்? தீபாவளியன்று விடியுமுன்னரே எழுப்பி எண்ணெய் தேய்த்து நீராட்டுகிறோம். முதல் நாள் இரவு பலகாரம் சுடும் பரபரப்பில் குழந்தை உறங்கியிராது. உறக்கம் குறைந்த குழந்தை சோர்ந்து படுப்பதில்லை. மாறாக மேலும் துள்ளுகிறது, அழுகிறது, உணவை மறுக்கிறது. இதனைப் பிடிவாதம் என்று எண்ணி அடிப்பது பொருளற்றது.

இதற்குச் செய்யத்தக்கவை எளியனவே. தூளியைத் தறியிருக்கும் கூடத்திலிருந்து அப்புறப்படுத்தி வேறு மூலையில் கட்டலாம். இடமில்லாத வீட்டில், குழந்தை உறங்கத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரமாவது நாடா ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஓசையற்ற வேலைகளைச் செய்யலாம். பண்டிகையன்று விடியற்காலையில் எழுப்புவதாயின், முந்திய மாலை விளக்கேற்றியவுடன் உணவூட்டி உறங்கச் செய்வது நலம். அன்று பகலிலும் இரண்டு மணி நேரம் உறங்க விடவேண்டும். கைக்குழந்தையை விடியுமுன் எழுப்ப வேண்டிய அவசியமே இல்லை. வெயில் வந்தபின் நீராட்டினாலும் பண்டிகை குறைந்துவிடாது.

உணவு

விடுமுறை நாட்களில் உணவு கூடுகிறது என்று நாம் எண்ணுகிறோம். பல வீடுகளில் உண்மை இதற்கு நேர்மாறானது. காமராசர் ஆட்சியில் 1956-இல் பரவலாகத் தொடங்கிய பள்ளி மதிய உணவு 1982-இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிவைக்கப்பெற்ற காலை உணவுத் திட்டம் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலையிலும் சோறிடுகிறது. ஆகவே ஆறு வயதுப் பிள்ளை ஒன்று, பள்ளி நாளில் இரு வேளை நேரத்துக்கு உண்கிறது. விடுமுறை வந்ததும் அவ்விரு வேளைகளும் வீட்டின் பொறுப்பாகின்றன. தாயோ தார் சுற்றிக்கொண்டிருக்கிறாள், அல்லது களையெடுக்கச் சென்றிருக்கிறாள். பிள்ளை முறுக்கையும் கடைத் தின்பண்டத்தையும் கொண்டு பசியை ஆற்றிக்கொள்கிறது. பின்னர் சோறு வேண்டாம் என்கிறது, வயிற்றுப்போக்கு வருகிறது.

விடுமுறை நாட்களிலும் காலை எட்டு மணிக்கும் பகல் பன்னிரண்டரை மணிக்கும் உணவு என்ற ஒழுங்கைக் கைவிடாதிருப்பதே இதற்கு முதல் மருந்து. பலகாரத்தை உணவுக்குப் பின் கொடுக்கலாம். உணவுக்குப் பதிலாகக் கொடுக்கலாகாது. அதிரசமும் சீடையும் சுட்ட கையோடு, ஒரு கிண்ணம் பயறோ சுண்டலோ வேகவைப்பது பெரிய வேலையன்று. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குத் தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டியதில்லை. இனிப்பையோ தீபாவளி இலேகியத்தையோ நாவில் தடவுவதும் கூடாது. அங்கன்வாடியில் பெற்ற சத்துமாவைப் பண்டிகைப் பரபரப்பில் அடுக்கில் மறந்துவிடாமல் நாள்தோறும் கொடுத்துவர வேண்டும்.

விடுமுறையும் வேலையும்

‘பள்ளிதான் இல்லையே, நாலு தார் சுற்றட்டும்’ என்று சொல்வது நம் தொழிலில் நெடுநாள் வழக்கம். நம்மில் பலர் அவ்வாறு தொழில் கற்றவர்களே. ஆயினும் காலம் மாறியிருக்கிறது, சட்டமும் மாறியிருக்கிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பின், 14 வயது நிரம்பாத எவரையும் எந்தத் தொழிலிலும் அமர்த்தலாகாது. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம் என்ற விலக்கு உண்டு. ஆனால் ஆபத்தானவை என்று பட்டியலிடப்பட்ட வேலைகளுக்கு அவ்விலக்கு செல்லாது. துணிக்குச் சாயமிடுதல், அச்சிடுதல், நெசவு ஆகியவை 1986 சட்டத்தின் பட்டியலிலேயே இடம்பெற்றிருந்தன என்பதை நாம் மறக்கலாகாது. எனவே 14 வயது நிரம்பாதவர்களைத் தறி வேலையிலும் சாய வேலையிலும் சேர்க்காதிருப்பதே சரியான வழி.

சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. குனிந்து ராட்டையின் முன் நாள் முழுவதும் உட்காரும் பிள்ளையின் முதுகும் கண்ணும் சோர்கின்றன; விடுமுறை முடிந்து பள்ளிக்குச் செல்லும்போது படிப்பு ஒட்டுவதில்லை. சில வீடுகளில் அந்தச் சில நாள் உதவியே பள்ளியை நிறுத்துவதில் போய் முடிந்திருக்கிறது. பிள்ளைகள் தொழிலை அறிய வேண்டாமா என்று கேட்கலாம். அறியட்டும். பாவுக்கும் ஊடைக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுங்கள். கரையில் எத்தனை இழை என்று எண்ணச் சொல்லுங்கள். ஒரு சேலைக்கு நூல் விலை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று கணக்கிடச் செய்யுங்கள். அது கல்வி. பண்டிகைக்கு முன் சேலையை முடிப்பதற்காக அதன் உறக்கத்தைப் பறிப்பது கல்வியன்று.

தீ, நீர், சாயம்

விபத்துகளைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியிருக்கிறது. கம்பி மத்தாப்பைக் குழந்தைக்கு உகந்த வாணம் என்று நம்பி ஒன்றரை வயதுக் குழந்தையின் கையிலும் கொடுக்கிறோம். அதன் முனையில் ஏற்படும் வெப்பம் சுமார் 1000 டிகிரி சென்டிகிரேடு என்பதை அறிந்தால் கொடுக்க மாட்டோம். அணைந்த பிறகும் அக்கம்பி காலைச் சுடும்; ஆகவே எரிந்த கம்பிகளைப் போட ஒரு வாளி நீரை அருகில் வைத்திருத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் 2018 முதல், உச்ச நீதிமன்றத்தின் ஆணைக்கிணங்க, தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரையும் மாலை 7 முதல் 8 வரையுமே வெடிக்க அனுமதி அளிக்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமாவது பெரியவர் ஒருவர் வேறு வேலையின்றிப் பிள்ளைகளுடன் நிற்க வேண்டும்.

உடையைப் பற்றி நெசவாளர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி அவ்வாறு உருகுவதில்லை. ஆயினும் அதுவும் எரியக் கூடியதே. ஆதலால் வாணம் கொளுத்தும்போது உடலோடு பொருந்திய பருத்திச் சட்டையே ஏற்றது; தரையில் புரளும் நீண்ட பாவாடை ஆகாது.

தீக்காயம் பட்டால், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். மை, பற்பசை, வெண்ணெய், பனிக்கட்டி ஆகிய எதையும் வைக்கலாகாது. வளையலையும் அரைஞாணையும் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். தோலில் ஒட்டிய துணியைப் பிடுங்கலாகாது. தூய துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. 108-ஐ அழைத்தால் ஆம்புலன்சு வரும்.

கொதிக்கும் எண்ணெயும் வெந்நீரும் வாணத்தைவிடக் குறைந்த ஆபத்தல்ல. தரையில் அடுப்பு வைத்துப் பலகாரம் சுடும் இடத்தில் தவழும் குழந்தைக்கு இடமில்லை. எண்ணெய்க் குளியலுக்கு நீர் விளாவும்போது முதலில் தண்ணீர், பிறகு வெந்நீர் என்ற முறையைக் கடைப்பிடித்தால், வெந்நீர் சுட்டுக் காயப்படும் ஆபத்து குறையும்.

பண்டிகைக்காகத் தறி ஓயும் நாளில் தறிக்குழியைப் பலகையால் மூடுங்கள். தொங்கும் கயிறுகளைச் சுருட்டி மேலே கட்டுங்கள். காஸ்டிக் சோடாவையும், பூச்சி மருந்தையும் ஒருபோதும் சோடாப் புட்டியில் ஊற்றி வைக்கலாகாது. உறவினர் பிள்ளைகள் வரும் நாள் அது; அவர்களுக்கு உங்கள் வீட்டின் வழக்கம் தெரியாது. தவறிக் குடித்துவிட்டால் வாந்தியெடுக்கச் செய்யாமல், புட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

புத்தாடையும் கடனும்

ஊருக்கெல்லாம் ஆடை நெய்யும் வீட்டுக் குழந்தை பண்டிகையன்று பழைய சட்டையோடு நிற்பதைப் பார்க்க எந்தத் தந்தையும் விரும்ப மாட்டார். அந்த ஒரு நாள் மனக்குறையே பலரைக் கந்து வட்டிக்காரரிடம் இட்டுச் செல்கிறது. ரூ.5,000 கடன் வாங்கி, நூற்றுக்கு மாதம் ரூ.5 வட்டி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் ரூ.250 வட்டி மட்டும் போகிறது, ஆண்டில் ரூ.3,000. அடுத்த தீபாவளி வந்தபோதும் முதல் ரூ.5,000 அப்படியே நிற்கிறது. குழந்தையின் பாலுக்கும் முட்டைக்கும் போக வேண்டிய பணமே இவ்வாறு வட்டியாகப் போகிறது.

இதற்கு மாறாக, கூலி பெறும் வாரந்தோறும் ரூ.50 சங்கத்தில் சேமித்தால் 50 வாரத்தில் ரூ.2,500 ஆகிறது. ஊர் பேர் தெரியாதவர் நடத்தும் தீபாவளிச் சீட்டைவிட, கணக்கு எழுதித் தணிக்கை செய்யப்படும் சங்கத்துச் சேமிப்பே நம்பத்தக்கது. கடன் வாங்கியே தீர வேண்டுமாயின், முதலில் சங்கத்தின் படியேறிக் கேளுங்கள். 1904-இல் இந்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்ததே வட்டிக்காரரின் பிடியிலிருந்து உழைப்பாளரை விடுவிப்பதற்காக அல்லவா?

சங்கம் செய்யத்தக்கவை

இவற்றில் சில, தனிக் குடும்பத்தின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டவை. சங்கங்கள் முனைந்தால் நடக்கும். பண்டிகைத் துணிகளுக்கான நூலை மழைக்கு முன்பே, ஆடி மாதத்திலேயே, பகிர்ந்தளித்தால் ஐப்பசியின் இரவு வேலை பாதியாகக் குறையும். போனசையும் நிலுவைக் கூலியையும் பண்டிகைக்கு முதல் நாள் மாலையில் அல்லாமல் பத்து நாள் முன்னதாகக் கொடுத்தால், கடன் வாங்கும் தேவை குறையும். விடுமுறை நாட்களில் சங்கக் கட்டிடத்தின் ஓர் அறையைத் திறந்துவிட்டு, அங்கத்தினர் வீட்டுப் பெரியவர்கள் இருவர் முறைவைத்துச் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டுக்கு ஒரு கைப்பிடி அரிசி எடுத்தால் பகலுணவும் ஆகும். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை.

வீட்டுக்குள்ளும் கூட்டுறவு வேண்டும். தறியில் கணவன் அமர, தார் சுற்றுவது, சமைப்பது, துவைப்பது, பிள்ளையைத் தூக்குவது எல்லாம் மனைவியின் தலையில் விழுவது பங்கீடன்று. பண்டிகை வாரத்திலேனும், மாலையில் ஒரு மணி நேரம் தறியை விட்டு இறங்கிக் குழந்தைக்கு உணவூட்டி உறங்கச் செய்யும் வேலையைத் தந்தையர் ஏற்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறோம். அதனால் துணி ஒரு முழம் குறையலாம். தாயின் களைப்பு அதைவிடப் பன்மடங்கு குறையும்.

குழந்தைகள் பண்டிகையில் வேண்டுவது அதிகமன்று: வயிறார உணவு, நிம்மதியான உறக்கம், கோபமில்லாத முகத்தோடு அருகில் இருக்கும் தாய் தந்தையர். இம்மூன்றையும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முன்னதாகத் திட்டமிட்டால் போதும். அடுத்து வரும் பண்டிகைக்கான கணக்கை அங்கத்தினர்கள் இன்றே தொடங்குவார்களாக.