மருந்துக்கும் ஒரு காவல்



"ஐயா, ஒரே மாத்திரைக்கு ஏன் இரண்டு பெயர்?" வார்டுகளைச் சுற்றி வரும்போது எங்களிடம் பலர் கேட்கும் கேள்வி இது. சில மாத்திரைகளில் ஒன்று மருந்து, மற்றது அதன் காவல். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பழுக்கும் நாட்களில் தோட்டத்தைக் காப்பது போலத்தான். காவல்காரர் ஒரு பழத்தையும் காய்க்கச் செய்வதில்லை. அவர் இல்லாவிட்டால் பழம் வீடு வந்து சேராது.

நம் செல்களிலுள்ள டி.என்.ஏ., நியூக்ளியோசைடு எனப்படும் சிறு கூறுகளிலிருந்து உருவாகிறது. அவற்றைப் போன்ற போலிக் கூறுகளை மருந்தாகக் கொடுத்தால், வைரஸோ புற்றுநோய் செல்லோ ஏமாந்து எடுத்துக்கொள்ளும். அதன் பெருக்கம் தடைப்படும். எச்.ஐ.வி. நோயாளிகள் அறிந்த சிடோவுடின், லாமிவுடின் ஆகியவை இந்த இனமே.

ஆனால் ஏமாறுவது நோய் மட்டுமல்ல. நியூக்ளியோசைடுகளைச் சிதைக்கும் நொதிகள் நம் உடலிலும் உள்ளன. அவை சில மருந்துகளையும் சிதைத்துவிடுகின்றன.

ஆய்வகத்திலும் இதே தொல்லை உண்டு. செல்களை வளர்க்கக் கன்றின் இரத்த சீரத்தைச் சேர்ப்பார்கள். அதில் அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி இருக்கிறது. விடராபின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை அங்கே இட்டால், நொதி அதை வலுக் குறைந்த வேறொரு பொருளாக மாற்றிவிடும். நல்ல மருந்தைப் பயனற்றது என்று தள்ளிவிட நேரிடலாம். ஆகவே பென்டோஸ்டாடின் போன்ற தடுப்பானையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள். தடுப்பான் நொதியைப் பிடித்துக்கொள்ள, மருந்து தன் வேலையைச் செய்கிறது.

வியப்பு என்னவென்றால், ஸ்ட்ரெப்டோமைசஸ் ஆன்டிபயாட்டிகஸ் என்ற ஒரே நுண்ணுயிர் விடராபினையும் உண்டாக்குகிறது, அதைக் காக்கும் பென்டோஸ்டாடினையும் உண்டாக்குகிறது. கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்ற பூஞ்சையும் கார்டிசெபின் என்ற பொருளை இதே காவலுடன் சேர்த்தே உருவாக்குகிறது என்று 2017-இல் சீன ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இதனால் நோயாளிக்கு என்ன பயன்? டெசிடபின் என்ற மருந்து, எலும்பு மஜ்ஜையில் இரத்த செல்கள் சரிவர உருவாகாத நோய்க்குத் தரப்படுவது. வாய்வழி கொடுத்தால் குடலிலும் ஈரலிலுமுள்ள நொதி அதைச் சிதைத்துவிடும். ஆகவே 28 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து 5 நாள் நரம்பு வழியே ஏற்றுவார்கள். கம்பத்திலிருந்து மதுரைக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். இரத்தம் குன்றிய ஒருவருக்கு அந்தப் பயணமே பெரும் பாரம், உடன் வருபவருக்குக் கூலியும் போகும். செடாசுரிடின் என்ற காவலைச் சேர்த்தபோது அதே மருந்து மாத்திரையாயிற்று. 2020-இல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. இவ்வகை மருந்துகள் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும்.

காவலுக்கும் அளவு உண்டு. அடினோசின் டிஅமினேஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் நோய் எதிர்ப்பு ஆற்றல் இன்றி மிகவும் துன்புறுகிறார்கள். நொதி நமக்குப் பகையல்ல. எனவே உங்கள் இல்லத்தில் யாருக்கேனும் இரட்டைப் பெயர் மாத்திரை எழுதித் தந்தால், ஒற்றைப் பெயருள்ளது மலிவு என்று மாற்றி வாங்காமல், மருத்துவரைக் கேட்டு அவர் சொன்ன அளவிலேயே கொடுங்கள்.