உங்களுக்குத் தெரியுமா?
மவுண்ட் ரோடு ஓட்டல்காரரின் ஆகாய விமானம்

இன்று அண்ணா சாலை என வழங்கும் மவுண்ட் ரோட்டில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பிரமுகர்களின் அபிமானத்துக்குப் பாத்திரமாயிருந்த டி'ஏஞ்சலிஸ் ஓட்டலின் அதிபர், கார்சிகாத் தீவினரான ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ், விருந்து சமைப்பதில் அடைந்த கீர்த்தியோடு திருப்தியுறாமல், 1909 ஜூலை 25-இல் விமானி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் உற்சாகமடைந்து, தாமே ஒரு விமானம் சமைக்க முற்பட்டார் என்பது நம் நகர சரித்திரத்தின் மிக ரசமான அத்தியாயமாகும்.

அவருடைய திட்டத்துக்கு உருக்கொடுத்தது அதே சாலையில் இருந்த சிம்ப்ஸன் கம்பெனி. குதிரை வண்டிகள் கட்டிப் பெயர் பெற்று, 1903-இல் நீராவி மோட்டார் வண்டியும் செய்து காட்டிய அத்தொழிற்சாலையின் கைத்திறனை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும்.

1910 மார்ச்சில், பல்லாவரத்தில் பரீட்சை பார்த்த பின்னர், தீவுத்திடலில் கட்டணம் செலுத்தித் திரண்ட ஜனங்களின் முன்னிலையில் அவ்விமானம் ஆகாயத்தில் எழும்பிற்று. அலகாபாத்திலிருந்து நைனிக்கு விமானி ஆன்றி பெக்கே சுமார் 6,500 கடிதங்களை விமானத்தில் கொண்டு சென்று உலகப் புகழ் பெற்றது 1911 பிப்ரவரி 18-இல்தான். சென்னை அதற்கு ஏறத்தாழ ஓராண்டு முந்திக்கொண்டுவிட்டது.