பச்சைக் கீரைக்கு எந்தத் தண்ணி?

"பச்சைக் காய்கறி நிறைய சாப்பிடுங்க... உடம்புக்கு நல்லது!" டாக்டர் சொல்கிறார், பக்கத்து வீட்டு மாமி சொல்கிறார். நல்லதுதான். ஆனா, அந்தக் காய்க்கு ஊத்தின தண்ணி எது?

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவிலும், இன்னொரு பெரிய நகரமான குமாசியிலும் இந்தக் கேள்வியைத் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஊருக்கு நடுவே, சாக்கடை ஓரமாகக் கிடக்கும் காலி இடங்களில் லெட்டூஸ், வெங்காயத்தாள், முட்டைகோஸ் பயிரிடுகிறார்கள். நிலம் யாரோ ஒருவருடையது. தண்ணீர், பெரும்பாலும் வீட்டுக் கழிவு கலந்த ஓடைத் தண்ணீர். கைக்கொரு பூவாளியாக இரண்டைத் தூக்கிக்கொண்டு நாளெல்லாம் நடக்க வேண்டும். இந்த லெட்டூஸ் போய்ச் சேருவது தெருவோரக் கடைக்கு... சோற்றுக்குப் பக்கத்தில், பச்சையாக! கூடவே வயிற்றுப்போக்குக் கிருமியும் குடற்புழு முட்டையும் போகலாம்.

வழி இல்லாமலா? இருக்கிறது. சொட்டுநீர்க் குழாய் போட்டால் தண்ணீர் இலையில் படாமல் வேருக்குப் போகும். அறுவடைக்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்தினால் வெயிலிலேயே கிருமி சாகும். சல்லடை மூடி போட்ட பூவாளியை அரை மீட்டர் உயரத்துக்குள் பிடித்தால் மண் தெறித்து இலையில் ஒட்டுவது குறையும். எல்லாம் குமாசி வயல்களில் சோதித்துப் பார்த்தவை.

சரி, விவசாயி ஏன் செய்யவில்லை? படிப்பறிவு இல்லை என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது சரியல்ல! அதே விவசாயிகளில் கையில் காசு புரண்டவர்கள் மோட்டார் பம்பை ஓடிப்போய் வாங்கினார்கள். ஏன்னா, அது இடுப்பு வலியைக் குறைக்குது. சொட்டுநீர்க் குழாயோ கலங்கல் தண்ணியில் அடைத்துக்கொள்கிறது, களை எடுக்க இடைஞ்சல், பாத்தியில் செடியின் எண்ணிக்கையும் குறைகிறது. நாளைக்கே காலி பண்ணச் சொன்னால் குழாயைச் சுருட்டிக்கொண்டு எங்கே போவது?

தண்ணியை நிறுத்துவதும் லேசில்லை. சந்தை வியாபாரிப் பெண்கள் பாத்தியோடு விலை பேசி, தங்களுக்குத் தோதான நாளில் வந்து அறுத்துக்கொள்கிறார்கள். அவர்கள் வருகிற நாள் முன்கூட்டித் தெரியாது. வாடின கீரைக்கு விலையும் கிடையாது. மொத்தத்தில் செலவு விவசாயிக்கு, லாபம் சாப்பிடுகிறவருக்கு. அதற்கென்று ஒரு காசு கூடக் கொடுக்க ஆள் இல்லை என்றால் எந்த மனுஷன் செய்வான்?

2006-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டி இதை ஒப்புக்கொண்டது. வயலில் கொஞ்சம், சந்தையில் கொஞ்சம், அடுக்களையில் கொஞ்சம் எனப் பல இடத்தில் தடுப்புப் போடச் சொன்னது. அதன் கணக்குப்படி, நல்ல தண்ணீரில் கழுவினால் 100 கிருமியில் 90 போகும். கிருமிநாசினியும் சேர்த்தால் 99. வேக வைத்தால் அநேகமாக எல்லாமே!

நம் அடுக்களைக்கும் இது பொருந்தும். கீரைக்கட்டைப் பிரித்து, வேரையும் மண்ணையும் நறுக்கித் தள்ளி, ஓடுகிற குழாயடியில் இலை இலையாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஒரே பாத்திரத்துத் தண்ணீரில் நாலு கட்டை முக்கி எடுப்பது கழுவுவதல்ல, அழுக்கைப் பங்கு போடுவது! காய்கறி கழுவுவதற்கென்றே விற்கிற கிருமிநாசினி வாங்கினால், பாக்கெட்டில் போட்டிருக்கிற அளவும் நேரமும் முக்கியம். வினிகரைச் சும்மா தெளித்து எடுத்தால் பிரயோஜனமில்லை. புழு முட்டைக்குக் குளோரினும் பெரிசாகப் பயமில்லை, தேய்த்துக் கழுவித்தான் விரட்டணும். வெள்ளரி, கேரட்டைக் கழுவிய பிறகு தோல் சீவுங்கள்.

குழம்பில் கொதிக்கிற கீரைக்கு இவ்வளவு பாடு வேண்டாம், கொதியே பார்த்துக்கொள்ளும். இறக்கின பிறகு மேலே தூவுகிறோமே கொத்தமல்லி... அதைத்தான் பெரும்பாலும் ஒரு அலசு அலசிவிட்டுப் போட்டுவிடுகிறோம்.