முட்டைக்கு ஒரு கோழி, அடைக்கு ஒரு கோழி

நாமக்கல் முட்டை ஏற்றிய லாரிகள் வாளையார் எல்லையைக் கடந்து கேரளத்துக்குள் வருவது அன்றாடக் காட்சி. நாம் பிழைப்புத் தேடி வந்த அதே வழியில்தான் நம் கடை முட்டையும் வருகிறது. கடையில் இவ்வளவு எளிதாகக் கிடைக்கும்போது வீட்டில் கோழி எதற்கு என்று சிலர் கேட்கலாம். சாப்பாட்டு மிச்சமும் கொல்லையில் கொஞ்சம் இடமும் உள்ள வீட்டில் நான்கைந்து கோழி இருந்தால், பிள்ளைகளின் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை என்பதே பதில். ஆசையாகத் தொடங்கியவர்கள் பலர் ஓர் ஆண்டுக்குள் விட்டுவிடுவதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம். ஒன்று, தங்கள் வீட்டுக்குப் பொருந்தாத இனத்தை வாங்கியது. மற்றொன்று, கழிச்சல் நோய் வந்து ஒரே வாரத்தில் கூடு காலியானது. இவ்விரண்டையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இனம். நம் ஊர் நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறக்குறைய அறுபது, எழுபது முட்டைதான் இடும். பன்னிரண்டோ பதினைந்தோ இட்டுவிட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் சுற்றும். அதுவரை முட்டை கிடையாது. இது கோழியின் குறை அன்று, அதன் இயல்பு. மனிதன் அதிக முட்டைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தபோது அடை காக்கும் குணத்தைத்தான் முதலில் கழித்துக்கட்டினான். வெள்ளை லெகார்ன் அடைக்கு உட்காருவது அபூர்வம். கேரளத்தில் கம்பிக்கூட்டில் வைத்து வளர்க்கும் பழுப்பு முட்டையிடும் பி.வி.380 என்ற கோழி நல்ல தீவனத்தில் ஆண்டுக்கு முந்நூறு வரை இடும். அதற்குக் கூடும் கடைத் தீவனமும் வேண்டும். கொல்லையில் திறந்துவிட்டுப் பழைய சோறு போட்டால் அந்த முந்நூறு வராது.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவை கொல்லைக்கென்றே உருவாக்கப்பட்ட கலப்பினங்கள். திருச்சூர் மண்ணுத்தியில் உருவான கிராமலட்சுமி, ஆஸ்திரலார்ப் கோழிக்கும் வெள்ளை லெகார்னுக்கும் பிறந்தது. கிராமஸ்ரீயும் மண்ணுத்திக் கோழியே. ஐதராபாத்திலிருந்து வந்தவை கிராமப்பிரியாவும் வனராஜாவும். இவற்றில் வனராஜா கறிக்கும் முட்டைக்கும் பொதுவானது, உடல் கனத்தது. முட்டை மட்டுமே வேண்டுமென்றால் மற்ற மூன்றில் ஒன்றைத் தேடலாம். சுற்றித் திரிந்து மேய்ந்து, மாலையில் ஒரு கைப்பிடி தீவனமும் கிடைத்தால் ஆண்டுக்கு 150 முதல் 200 வரை எதிர்பார்க்கலாம்.

என் யோசனை இது. நான்கு கலப்பினப் பெட்டைகளோடு ஒரு நாட்டுப் பெட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். முட்டையைக் கலப்பினம் தரட்டும். நாட்டுக்கோழி அடைக்கு உட்காரும்போது கருவுள்ள முட்டைகளை வாங்கிப் பத்து அல்லது பன்னிரண்டு வைத்தால் இருபத்தொரு நாளில் குஞ்சு கிடைக்கும். அதைவிட நல்ல பொரிப்பு இயந்திரம் இன்னும் வரவில்லை. இட்டு ஒரு வாரத்துக்கு மேலாகாத முட்டையாகப் பார்த்து வையுங்கள். வெயில் காலத்தில் அதற்கும் முன்பே வைத்துவிட வேண்டும். முட்டை மட்டும் சாப்பிடுவதற்கு வீட்டில் சேவல் வேண்டியதில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சுதான் வராது.

அடை தெளிய வைக்க மூக்கில் இறகைக் குத்துவதும் தண்ணீரில் முக்குவதும் நம் பக்கத்தில் பழைய வழக்கம். பாவம், அது வேண்டாம். அடியில் காற்றுப் புகும் கம்பிக்கூட்டில் தீனி, தண்ணீரோடு மூன்று நான்கு நாள் தனியே வைத்தால் வயிற்றுச் சூடு தணிந்து தானே எழுந்துவிடும்.

இங்கே பேச்சு வழக்கிலும் ஒரு சிறு சிக்கல் உண்டு. அடைக்கோழியை மலையாளத்தில் பொருன்னக் கோழி என்பார்கள். பெட்டை ‘பிட’, சேவல் ‘பூவன்’. குஞ்சு வாங்கப் போகுமுன் இவற்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பூவன் என்றதும் வாழைப்பழத்தை நினைத்துத் தலையாட்டினால் வீட்டுக்குச் சேவலாக வந்துசேரும்!

ஒரு நாள் குஞ்சைவிட, ஒன்றரை இரண்டு மாதக் குஞ்சே புதியவர்களுக்கு ஏற்றது. கேரளக் கால்நடைத் துறையின் அங்கீகாரத்தோடு ‘எக்கர் நர்சரி’ என்னும் பெயரில் தனியார் குஞ்சுகளை அந்த வயதுவரை தடுப்பூசி போட்டு வளர்த்து விற்கிறார்கள். மலம்புழையில் அரசின் வட்டாரக் கோழிப்பண்ணை இருக்கிறது. எங்கே வாங்கினாலும் இதுவரை எந்தெந்தத் தடுப்பூசி, எந்தத் தேதியில் போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். பின்னால் அது உதவும்.

சந்தையில் வளர்ந்த கோழி வாங்குவோர் கவனிக்க வேண்டும். பெரிய பண்ணைகளில் ஒன்றரை வயது தாண்டி முட்டை குறைந்ததும் கோழிகளைக் கழித்துவிடுவார்கள். அவை பார்வைக்குக் கொழுகொழுவென்றே இருக்கும். வெட்டிய அலகும், கம்பியில் தேய்ந்து உதிர்ந்த கழுத்து இறகும் அவற்றைக் காட்டிக்கொடுக்கும். முட்டையிடும் பருவத்துப் பெட்டைக்குக் கொண்டை சிவந்து மெத்தென்றிருக்கும். பின்பக்கத்து இடுப்பு எலும்புகள் இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும்.

அடுத்து, முட்டை எப்படி உருவாகிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். தீனி விஷயம் அதில்தான் விளங்கும். ஒரு முட்டை கோழியின் வயிற்றில் முழுமையடைய ஏறத்தாழ இருபத்தைந்து மணி நேரம் ஆகிறது. அதில் இருபது மணி நேரம் ஓடு கட்டுவதற்கே போகிறது. அதனால்தான் நேற்று எட்டு மணிக்கு இட்ட கோழி இன்று ஒன்பதுக்கு இடுகிறது. அப்படியே தள்ளித் தள்ளிப் போய் ஒரு நாள் இடாமல் விடுகிறது. கோழி ஏமாற்றுகிறது என்று கோபப்பட வேண்டாம். ஓட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புச் சத்து. ஒரு முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு கிராம் கால்சியம் செலவாகிறது. தீனியில் அது இல்லாவிட்டால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும், பிறகு கால் தளர்ந்து படுத்துவிடும். கிளிஞ்சல் தூளை (இங்கே கக்கா என்று கேளுங்கள்) தனிச் சட்டியில் வைத்துவிடுங்கள். ஓடு இரவில் கட்டப்படுவதால் மாலையில் அது முன்னால் இருக்க வேண்டும். வேண்டிய அளவைக் கோழியே கொத்திக்கொள்ளும்.

வெறும் அரிசியும் சோறும் உடம்பை வளர்க்கும், முட்டையை வளர்க்காது. புரதம் வேண்டும். புழு பூச்சி, அசோலா, கொஞ்சம் புண்ணாக்கு எல்லாம் ஆகும். ஒரு பழைய மண்பானையில் சாணமும் கிழிந்த சாக்கும் திணித்து, கரையான் உள்ள இடத்தில் சற்று நீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் குஞ்சுகளுக்குக் கரையான் விருந்து தயார். இதற்குக் காசு செலவில்லை. ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தொடவே கூடாது, அதன் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கருவாட்டுக் கழிவு, ஊறுகாய் போன்ற உப்பு மிகுந்ததும் வேண்டாம்.

பாலக்காட்டுக் கணவாயின் வெயில் நமக்கே தாங்காது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அப்படி இரைக்கும்போது ஓடு கட்டத் தேவையான கரியமில வாயு வெளியே போய்விடுவதால் சித்திரை வைகாசியில் முட்டை ஓடு மெலிகிறது. தகரக் கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்து, நிழலில் மண்சட்டியில் இரண்டு மூன்று வேளை குளிர்ந்த நீர் மாற்றினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இடுக்கி மலையில், தேயிலைத் தோட்ட லயங்களில் இருப்போருக்குத் தொல்லை இதற்கு நேர்மாறானது. அங்கே குஞ்சைக் குளிரிலிருந்து காக்க வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் சூடு தேவை, பிறகு வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைக்கலாம். எல்.இ.டி. பல்பு வெளிச்சம்தான் தரும், சூடு தராது. பழைய குண்டு பல்பையே தேடிப் போடுங்கள்.

இனி கழிச்சல். நாம் வெள்ளைக் கழிச்சல் என்பதை இங்கே ‘கோழிவசந்த’ என்கிறார்கள். மிருகாசுபத்திரியில் அந்தப் பெயரைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். நூல்களில் ராணிக்கெட் நோய் என்றிருக்கும். இமயமலைச் சாரலில் ராணிக்கெட் என்ற ஊரில் 1927ஆம் ஆண்டு கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர். வெள்ளையும் பச்சையுமாகக் கழிதல், இறக்கை தொங்குதல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் என்று தொடங்கி வாரத்துக்குள் முடிந்துவிடும். வந்த பிறகு மருந்தில்லை. மஞ்சள், வெங்காயம், மிளகு கொடுப்பது நம் மனத்துக்கு ஆறுதல், நோய்க் கிருமியை அது ஒன்றும் செய்யாது.

தடுப்பூசி ஒன்றே வழி. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, நான்காம் வாரம் அளவில் மீண்டும் ஒரு முறை, எட்டு வாரத்துக்குமேல் ஆர்2பி என்ற ஊசி. அதன்பின் எப்போது திரும்பப் போடுவது என்பதை மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துப் புட்டி நூறு கோழிக்கு என்ற கணக்கில் வரும். கரைத்தபின் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும், அதுவரை பனிக்கட்டியில் இருக்க வேண்டும். ஐந்து கோழிக்காக ஒரு புட்டியை உடைக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே தெருவில் கோழி வைத்திருப்போர் பத்துப் பேர் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, விடிகாலையில் கூட்டைத் திறக்குமுன் போட்டுவிடுவதே நடைமுறைக்கு ஒத்தது. சங்கத்துக் குடும்பங்கள் மலையாள அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய்க்கு வேலி தெரியாது.

கழிச்சல் கண்டதும் மிச்சக் கோழியை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடும் பழக்கம்தான் அடுத்த ஊருக்கு நோயைக் கொண்டுபோகிறது. செத்ததைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

ஊருக்குப் போகும்போது உறவினருக்கென்று கோழியைக் கூடையில் கொண்டுபோவோருக்கும் ஒரு செய்தி. 2014 நவம்பரிலும் 2021 சனவரியிலும் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் கண்டபோது, தமிழகம் எல்லையில் கோழி, வாத்து வரத்தைத் தடுத்தது. அப்படியொரு செய்தி வந்த நாட்களில் இங்கிருந்தோ அங்கிருந்தோ கோழி கொண்டுபோக வேண்டாம். வீட்டில் பல கோழிகள் ஒன்றாகச் செத்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். இது கழிச்சலா, காய்ச்சலா என்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. அன்றைக்கே மிருகாசுபத்திரியில் சொல்லிவிடுங்கள்.