ஐந்தே ஐந்து ஓடுகள்!

போர்ச்சுக்கல் நாட்டின் தென்கோடியில் அல்மான்சில் என்று ஓர் ஊர். அதன் அருகே ஒரு சிறு குன்று. அதன்மேல் வெள்ளையடித்த ஒரு கிறிஸ்தவக் கோவில். வெளியே பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே போனால் கண்கொள்ளாக் காட்சி!

சுவர், வளைந்த கூரை, மேலே கவிந்த மாடம், எங்கும் நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகள்! ஒவ்வோர் ஓடும் ஒரு சாணுக்கும் சிறியது. பல ஓடுகள் சேர்ந்தால் ஒரு படம். 1730-ல் இவற்றைத் தீட்டியவர் பொலிகார்ப்போ பெர்னார்டெஸ். வெள்ளைப் பூச்சின் மேல் நீலத்தால் எழுதி, சூளையில் சுட்ட ஓவியங்கள். அதனால் சாயம் போவதில்லை.

படங்கள் சொல்வது புனித லாரன்சின் கதை. ரோம் அதிகாரிகள் கோவில் செல்வத்தைக் கேட்டார்கள். லாரன்சோ அதை ஏழைகளுக்கு வழங்கிவிட்டார். 258-ல் அவரை இரும்புக் கம்பிகளில் கிடத்தி நெருப்பில் வாட்டினார்களாம். எழுத்தறியாதவரும் இந்தக் கதையைச் சுவரிலேயே படிக்கலாம்!

1755 நவம்பர் 1. பயங்கரப் பூகம்பம்! தலைநகர் லிஸ்பன் இடிந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தென்கோடியிலும் பெருஞ்சேதம்.

இந்தக் கோவில் என்ன ஆயிற்று? மாடத்திலிருந்து விழுந்தவை ஐந்தே ஐந்து ஓடுகள் என்று சொல்கிறார்கள்!

அன்று உழவர்கள் அண்ணாந்து பார்த்த அதே படங்களை இன்றும் அங்கே பார்க்கலாம்.