பைசா பிரயோஜனம் உண்டா?

"கதைப் புஸ்தகம் படிக்கிறதுல பைசா பிரயோஜனம் உண்டா ஸார்?" என்று வருஷத்துக்கு நாலு பேராவது என்னைக் கேட்டுவிடுகிறார்கள். நான் பி.காம். ஆசாமி. கேள்வியின் நியாயம் புரிகிறது. புத்தகத்துக்கு இருநூறு ரூபாய், படிக்கப் பத்து மணி நேரம். வரவுப் பக்கம் காலி. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

சொல்வளம் பெருகும், மனசு விசாலமாகும் என்றெல்லாம் சொல்வதுண்டு. சொல்வளத்துக்கு அகராதி போதும். மனசு விஷயமாக 2013-ல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சியே வந்தது. இலக்கியத் தரமான கதையைக் கொஞ்சம் படித்தாலே அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளும் திறமை கூடுகிறதாம். வாசகர்கள் எல்லோரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். பிற்பாடு வேறு சிலர் அதே சோதனையைத் திருப்பிச் செய்து பார்த்தார்கள். அந்த ரிஸல்ட் வரவில்லை. காலரை இறக்கியாயிற்று.

ஆகவே, எனக்குத் தெரிந்த ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்கிறேன்.

2019 கோடை. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு வந்தது. பேப்பரில் தினமும் இந்த மாதிரி நம்பர்கள்தான். எங்கள் ஃபிளாட்டுக்கு நான்தான் பொருளாளர். எனக்கு நம்பர் பிடிக்கும்.

அந்தச் சமயம் படித்துக்கொண்டிருந்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973-ல் வந்த நாவல். இதே சென்னை, இதே பஞ்சம். ஆனால் லிட்டர் கணக்குக்குப் பதில் அதில் ஜமுனா இருக்கிறாள். சினிமா ஆசையில் வாழ்க்கை கோணலாகிப் போனவள், குடத்தோடு அலைகிறாள். வீட்டில் நோயாளிக் கணவனையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு ஸ்கூலுக்கும் ஓடுகிற டீச்சரம்மா இருக்கிறாள். யாருக்காகவும் மனுஷர் குரலை உயர்த்துவதில்லை. அழுதுவிடலாம் என்று நாம் தயாராகிற இடத்தில் அடுத்த காரியத்தைப் பார்க்கப் போய்விடுகிறார்!

அப்போதுதான் ஃபிளாட் மீட்டிங். லாரித் தண்ணீர் விலை எகிறிவிட்டது. மெயின்டனன்ஸ் பாக்கி வைத்தவர்களுக்குத் தண்ணீர் கட் என்று ஒரு தீர்மானம். பாக்கி லிஸ்ட் என் கையில். முதல் வரி: ஜி-1, மூன்று மாதம். தனியாக இருக்கும் எழுபது வயது அம்மா. "தம்பி, பையன் பணம் அனுப்பட்டும்" என்று மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். லிஸ்டைப் பார்த்தால் எனக்குத் தொகை தெரியவில்லை. மூட்டுவலிக் காலோடு தெருக்கோடித் தொட்டியிலிருந்து அந்தம்மா குடம் தூக்கி வருவது தெரிந்தது.

"ஜி-1 குடத்தை யார் தூக்கறது?" என்று கேட்டேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. அதற்குள் மழை வந்துவிட்டது.

உடனே, இலக்கியம் படித்தவன் நல்லவன் என்று கிளம்பிவிடாதீர்கள். அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் மூன்று தடவை படித்தவர். யாருக்கு எந்தப் புத்தகம் எப்போது வேலை செய்யும் என்பதற்கு டேபிள் கிடையாது. எனக்கு அந்த வாரம் ஜமுனா வீட்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்த பழக்கம். அவ்வளவுதான்.

'தண்ணீர்' சின்னப் புத்தகம். தாம்பரம்-பீச் ரயிலில் நாலைந்து நாளில் முடித்துவிடலாம், உட்கார இடம் கிடைத்தால்.