மோட்டார்த் தொழில் வளர்த்த ஜி. டி. நாயுடு

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வழியாகவும், மூணாற்றிலிருந்து மறையூர், உடுமலை வழியாகவும் பழனியாண்டவனைத் தரிசிக்கச் செல்லும் குடும்பங்கள் நம்முள் பல. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையேயுள்ள அச்சாலையில், 1920ஆம் ஆண்டில் ஒரு பஸ்ஸை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கியவர் ஜி. டி. நாயுடு. பின்னாளில் கோவையின் தொழில் மேதையாக அவர் விளங்கினார்.

கோவைக்கு அருகேயுள்ள கலங்கல் கிராமத்தில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளோடு நின்றுவிட்டது. ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டது முதல், அஃது இயங்கும் விதத்தை அறியும் வேட்கை அவரை ஆட்கொண்டது. கோவை ஹோட்டலொன்றில் பரிமாறும் வேலை செய்து, கூலியைச் சேமித்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அதனைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார். அதுவே அவர் கற்ற கல்லூரி.

பின்னர், ஸ்டேன்ஸ் துரையின் உதவியுடன் வாங்கிய ஒரே பஸ், பெரு நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் வண்டி ஓட்டிப் பொருளீட்டுவதோடு அவர் மனம் அமைதியுறவில்லை. 'ரேசண்ட்' என்னும் மின்சாரச் சவரக் கருவியை உருவாக்கினார். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாரை வெளிக்கொணர்ந்தார். 1945இல் கோவையில் தொழிற்கல்வி நிலையம் தோன்றவும் துணை நின்றார்.

அந்நாளில் கார் என்பது செல்வர் வீட்டு வாசலில் மட்டுமே நின்ற பொருள். நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க இருவர் அமரும் பெட்ரோல் காரை 1952இல் அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய்! ஆனால் பெருந்தொழில் தொடங்க அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டியிருந்த காலம் அது. லைசென்ஸ் மறுக்கப்பட்டது, அந்தக் காரின் உற்பத்தி தொடரவில்லை. பொருளைப் படைக்கும் திறன் ஒன்று. அதனை மக்கள் கையில் சேர்க்கும் வழி மற்றொன்று. முன்னது அவரிடம் நிறைந்திருந்தது. பின்னது அவர் கையில் இல்லை.

1974இல் அவர் மறைந்தார். கோவையில் 2015இல் திறக்கப்பட்ட ஜிடி கார் காட்சிசாலையில், செல்வர்கள் ஏறிச் சென்ற பழைய கார்கள் பல அணிவகுத்து நிற்கின்றன. ஏழைக்கென எண்ணிய காரோ சாலைகளில் பெருகவில்லை.

பிழைப்பை நாடி எல்லை கடந்து வாழும் நாம், மக்களின் மதிப்பெண்களையே பெரிதாக எண்ணுகிறோம். வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளையை அதட்டுமுன், ஹோட்டலில் பரிமாறிச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிக் கழற்றிய அவ்விளைஞரைச் சற்றே நினைவு கூர்வோமாக.